பினைலலனைன் நீக்கிய புரத மாவு: மாவு நல்லது, விலை கொடுமை

புரத உணவில் இருக்கும் பினைலலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பிறவி நோய் பினைல்கீட்டோனூரியா; அது உள்ள என் மகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாவு இது. குளிர்ந்த நீரில் போட்டு, மூடிய குப்பியில் குலுக்கினால் கட்டி தட்டாமல் கரைகிறது. வெந்நீர் ஊற்றினால் நெடி தூக்கலாகிவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டப்பாவில் கரண்டி இருந்தாலும் தராசில் நிறுத்துப் போடுவதே நல்லது.

தரத்தில் குறையே இல்லை. விலைதான் கழுத்தை நெரிக்கிறது. எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை; இறக்குமதியாளரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடைசியாக வந்த டப்பா காலாவதியாகச் சில வாரங்களே மிச்சம். இது அநியாயம். பிள்ளையின் மூளை வளர்ச்சியே இந்த மாவை நம்பி இருக்கிறது, ஒரு வேளைகூடத் தள்ளிப்போட முடியாது.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: 2021ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, சொந்த உபயோகத்துக்காக இத்தகைய உணவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. மாவட்ட மருத்துவ அதிகாரி போன்றோரின் சான்றிதழ் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இட்லிக்குப் பதிலாக ஜவ்வரிசி உப்புமா கைகொடுக்கிறது, அதில் புரதம் மிகச் சொற்பம். வேர்க்கடலை மட்டும் போட்டுவிடாதீர்கள்.