பழைய பொருள் விற்கும் செயலி: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு மாறும்போது, ஃப்ரிட்ஜை இலவச விளம்பரச் செயலி ஒன்றில் போட்டேன். படம் ஏற்றுவது சுலபம், நம் ஊர் ஆட்களுக்கே விளம்பரம் காட்டுகிறது. அதில் குறையில்லை.

குறை, அழைக்கிறவர்களிடம். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அழைத்தார். பேரமே பேசவில்லை, பொருளைப் பார்க்கவும் கேட்கவில்லை. நம்மூரில் அப்படி யார் பழைய ஃப்ரிட்ஜ் வாங்குவார்கள்? அப்புறம் வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வந்தது. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் ஏறிடும்" என்றார். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். மறுத்துவிட்டுச் செயலியில் புகார் செய்தேன். அந்தக் கணக்கை இன்னும் நீக்கவில்லை. இரண்டு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பதி நேரில் வந்து, ஓடவிட்டுப் பார்த்து, ஐந்நூறு குறைத்து வாங்கிப் போனார்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், அதைப் போலியாகச் செய்யலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.