மாசம் 99 ரூபாய்க்கு அமெரிக்கப் பந்து: படம் பளிச், பட்டியல் சப்பு

போன வருஷம் முழுக்க, இந்த வருஷமும் இதுவரை, ஆப்பிள் டிவியில் அமெரிக்காவின் பெரிய கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். வாங்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடச் சோம்பல், அதனால் மொத்தமாக இங்கே.

நான் இருப்பது நீரோடிப் பக்கம். தமிழ்நாட்டுக் கடற்கரை இங்கே முடிகிறது, அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். பேருக்குத்தான் எல்லை, பந்து விஷயத்தில் இரண்டும் ஒரே ஊர். மாமா வீடு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நடுவில் மணல். தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று இந்தக் கரை முழுக்கப் பந்துதான். கிரிக்கெட் மட்டையோடு போகிறவனை இன்னும் விருந்தாளி மாதிரிதான் பார்ப்பார்கள். இந்தியாவின் முதல் தட்டு லீக்கான ஐ.எஸ்.எல்.லில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்குப் போனவர்கள் பொழியூரிலும் உண்டு. ஆக, எங்களிடம் ஒரு லீக்கைக் காட்டினால் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டோம், குறை சொல்லித்தான் தீருவோம்.

முதலில் நல்லது. 2025ல் எம்.எல்.எஸ்.ஸுக்கென்று தனியாக ஒரு பாஸ் வாங்கவேண்டி இருந்தது. 2026 சீசனிலிருந்து அந்தத் தொல்லை இல்லை, சாதாரண ஆப்பிள் டிவி சந்தாவிலேயே எல்லா மேட்சும் வந்துவிட்டது, நான் கட்டுவது மாசம் 99 ரூபாய். குடும்பத்துக்குள் பகிரலாம் என்பதால் நான், மச்சான், பொழியூர் மாமா, மாமா மகன் என்று நாலு வீட்டில் ஓடுகிறது. படம் அவ்வளவு சுத்தம். புல்லில் ஈரம் தெரிகிறது. இந்த மேட்ச் உங்கள் ஊருக்குக் கிடையாது, அதற்கு இன்னொரு சேனல் என்கிற விளையாட்டெல்லாம் கிடையாது, 30 அணியின் எல்லா மேட்சும் ஒரே இடத்தில். கமெண்ட்ரி இங்கிலீஷும் ஸ்பானிஷும். மாமா ஸ்பானிஷில்தான் வைப்பார், ஒரு வார்த்தை புரியாது, கோல் விழுந்தால் அந்த ஆள் மூச்சை இழுத்துக் கத்துவது போதுமாம்.

நேரம்தான் கொஞ்சம் முரண்டு. மயாமியில் சனிக்கிழமை ராத்திரி ஏழரை என்றால் நமக்கு ஞாயிறு காலை ஐந்து (அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற மாதங்களில் ஆறு). ஐந்து என்று போட்டிருப்பார்களே தவிர பந்து உருளும்போது ஐந்து பத்தை நெருங்கிவிடும். எங்களுக்கு ஏழு மணிக்குப் பூசை. அதனால் மெஸ்ஸியின் கடைசி ஐந்து நிமிஷத்தை நான் எப்போதும் சர்ச் மதிலோரம் நின்று, சத்தத்தை அடைத்து, போனில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு நெட் தருகிறவர் மழை பெய்தால் காணாமல் போவார், அது வேறு கதை, அதற்கு ஆப் என்ன செய்யும்.

மெஸ்ஸிக்காகத்தான் வாங்கினோம், மறைக்க என்ன இருக்கிறது. அர்ஜென்டினா கேரளத்துக்கு வரும் வரும் என்று சொல்லிச் சொல்லி 2025 நவம்பரும் போய்விட்டது, டிவியிலாவது பார்ப்போம் என்று. அந்த வகையில் காசு வீணில்லை. 2025ல் 29 கோல் அடித்து, அதிகக் கோலுக்கான கோல்டன் பூட், டிசம்பர் 6 அன்று வான்கூவரை 3-1 என்று வென்று அவர் ஆடுகிற இன்டர் மயாமிக்கு முதல் எம்.எல்.எஸ். கோப்பை. பார்த்தோம், கத்தினோம், பக்கத்து வீட்டுக் கோழி எழுந்தது.

சிக்கல் மயாமி ஆடாத மேட்சுகளில். ஆகஸ்ட் தாண்டியதும் இந்த லீக்கில் பாதி மேட்ச் செத்துவிடுகிறது. ஏன் என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை, மச்சான் வந்துதான் பிடித்தான்.

மச்சான் ஆழ்கடல் தங்கல் போகிறவன். கொச்சியில் போட் ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள் ஆளைப் பார்க்கமுடியாது. அக்டோபர் கடைசியில் வந்தான், குளித்தானோ இல்லையோ, சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளிப் பட்டியலைத் திறக்கச் சொன்னான். கரையில் இல்லாத நாளுக்கெல்லாம் சேர்த்துப் படிக்கிற மாதிரி மேலிருந்து விரலை இழுத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினான். டி.சி. யுனைடெட். 34 மேட்ச், 5 வெற்றி, 26 புள்ளி. பல நாட்டு லீக்குகளில் இப்படிக் கடைசியில் வந்தால் அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள், கீழே ஜெயித்தவன் மேலே ஏறுவான்.

"இவனுவ எறங்கியாச்சா?"

"இல்ல."

"பிளே ஆஃப் எதும் வச்சு எறக்குவானுவளோ?"

"எறங்க எடமே இல்ல மச்சான். அங்க யாரும் எறங்க மாட்டானுவ."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூண்டிலில் கனமாக என்னவோ இழுத்து, மேலே வந்து பார்த்தால் பிளாஸ்டிக் என்பதுபோல ஒரு முகம். "பின்ன எதுக்குலே கடைசி மேச்சு ஆடுகானுவ?"

இதற்குமேல் ரிவ்யூ எழுத என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். டி.சி. யுனைடெட் ஏதோ சொத்தை அணி இல்லை, நாலு தடவை கோப்பை வென்ற டீம். அதற்கு முந்தைய வருஷம் 2024ல் கடைசி இடம் சான் ஹோசேவுக்கு, 34ல் 25 தோல்வி, 21 புள்ளி. என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. ரசிகர்கள் கேலிக்கு ஒரு மரக்கரண்டிப் பட்டம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். காலேஜ் பையன்களை எடுக்கிற டிராஃப்டில் கடைசிக்காரனுக்குத்தான் முன்வரிசை வேறு. கடைசி ரேங்க் வாங்கின பிள்ளைக்கு அடுத்த வருஷம் முதல் பெஞ்சு, கூடவே ஒரு புதுப் பேனா. மேலேயும் அதே தாராளம்: 30ல் 18 அணி, கோப்பை யாருக்கு என்று முடிவு செய்கிற பிளே ஆஃபுக்குப் போகிறது. மேலே போவதும் சுலபம், கீழே விழுவதும் கிடையாது என்றால் செப்டம்பர் மாதத்து மேட்சை எதற்கு ஐந்து மணிக்கு எழுந்து பார்க்கவேண்டும்? இங்கிலாந்தில் 17ஆம் இடம் தப்பும், 18ஆம் இடம் இறங்கும்; அந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற அடிதடி சில வருஷம் முதலிடத்துச் சண்டையைவிட ருசியாக இருக்கும்.

அப்படியானால் ஏறுவதையும் இறங்குவதையும் அங்கே கொண்டுவந்துவிட வேண்டியதுதானே என்றால், அதற்கு அவர்களுடைய கட்டுமானம் தெரியவேண்டும். எம்.எல்.எஸ். நாம் நினைக்கிற மாதிரி தனித்தனி கிளப்புகள் கூடி நடத்துகிற லீக் இல்லை. மொத்தமும் ஒரே கம்பெனி, அணி வைத்திருப்பவர்கள் அதில் பங்குக்காரர்கள், ஆட்டக்காரனின் ஒப்பந்தமே லீக்கோடுதான். எங்கள் ஊர்ப் பாஷையில், 30 பேர் பங்கு போட்ட ஒரே போட். இந்தத் தங்கலில் நீ குறைவாக இழுத்தாய் என்று பங்குக்காரனைக் கடலில் தள்ளமுடியுமா? அதுவும் பங்கு என்ன விலை! 2007ல் சேர்ந்த டொரன்டோ கொடுத்தது 1 கோடி டாலர். 2025ல் முப்பதாவதாகச் சேர்ந்த சான் டியேகோ 50 கோடி டாலர். ஐம்பது கோடி கொட்டியவனிடம் போய், தம்பி, கடைசியில் வந்துவிட்டாய், அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷன் என்று யார் சொல்வது.

அவர்களுக்குப் பயமும் சும்மா வரவில்லை. பெலே போய் ஆடிய பழைய அமெரிக்க லீக் என்.ஏ.எஸ்.எல். 1984 சீசனோடு படுத்தது. 1996ல் 10 அணியோடு தொடங்கிய எம்.எல்.எஸ்.ஸே 2002 ஜனவரியில் இரண்டு அணியை மூடித் தட்டுத்தடுமாறி எழுந்தது. 2017ல் ஒரு நிறுவனம், ஏறி இறங்குகிற முறையைக் கொண்டுவந்தால் பத்து வருஷ ஒளிபரப்புக்கு 400 கோடி டாலர் என்று ஆசை காட்டியும் லீக் அசையவில்லை. கீழ் டிவிஷன் அணிகளான மயாமி எஃப்.சி.யும் (மெஸ்ஸி ஆடுவது இது இல்லை) கிங்ஸ்டன் ஸ்டாகேடும் அதே முறையைக் கேட்டு சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், 2020ல் அதுவும் கைவிரித்துவிட்டது.

இங்கே எனக்குச் சொந்தமாக ஒரு காயம் இருக்கிறது. வேலைக்குச் சென்னையில் இருந்த காலத்தில் அங்கே லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் இரண்டு சீசன் ஆடினேன். சென்னை லீக்கில் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. கடைசி மேட்ச், டிரா பண்ணினால் தப்பிப்போம். எங்கள் கோல்கீப்பருக்கு விரல் பிசகியிருந்தது, குச்சி ஐஸ் குச்சியை வைத்துப் பிளாஸ்திரி சுற்றி நின்றான். மேனேஜர் அறுபது வயசுக்காரர், டவுன் பஸ் டிக்கெட்டின் பின்னால் மற்ற மேட்சுகளின் புள்ளியைக் கூட்டிக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். 84ஆவது நிமிஷம் கார்னரில் ஒரு கோல் வாங்கினோம். முடிந்தது. அந்த மேட்சைப்போல நான் அதற்குப் பிறகு எதையும் ஆடவில்லை, இன்னும் கனவில் அந்தக் கார்னர் வரும். ஆனால் மீதியையும் சொல்லவேண்டும் இல்லையா. இறங்கிய பிறகு ஜெர்சிக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவந்தவர் ஒதுங்கிக்கொண்டார், அடுத்த வருஷம் டீமே இல்லை. பையன்கள் ஆளுக்கொரு பக்கம். அதனால் அமெரிக்க முதலாளியின் பயத்தை முழுசாகச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது.

ஆனால் அதே முதலாளிகளில் சிலர் கடல் தாண்டிப்போய் அந்த ரிஸ்க்கை எடுக்கிறார்களே! எம்.எல்.எஸ்.ஸில் கொலராடோ ராபிட்ஸ் வைத்திருக்கிற குரோன்கேதான் இங்கிலாந்தில் ஆர்சனலும் வைத்திருக்கிறார். இங்கிலாந்து லீக்குகளில் ஆடுகிற வேல்ஸ் கிளப் வ்ரெக்சம் 2023, 2024, 2025 என்று மூன்று வருஷம் வரிசையாக மேலே ஏறியதைக் கொண்டாடியதில் பாதி அமெரிக்கர்கள், கிளப்பை வாங்கியவர்களே அந்தப் பக்கத்து நடிகர்கள். ஏறுகிற கதை அவர்களுக்குப் பிடிக்கிறது, தங்கள் வீட்டில் மட்டும் வேண்டாமாம். சக்ரமென்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கீழ் டிவிஷன் அணிகள் ஒன்றாக மோதுகிற யு.எஸ். ஓபன் கப்பில் 2022ல் இரண்டாம் டிவிஷன் அணியாக இருந்து மூன்று எம்.எல்.எஸ். அணியைத் தோற்கடித்து ஃபைனல் வரை போனது. அதே அணிக்கு 2019ல் எம்.எல்.எஸ். இடம் கொடுப்பதாக அறிவித்து, 2021ல் பெரிய முதலாளி பின்வாங்கியதால் கைநழுவியது. ஆடி ஏறமுடியாது, கட்டி ஏறவேண்டும்.

நாம் சிரிக்க உரிமை இல்லை, அதுவும் சரி. கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து, ஐ.எஸ்.எல்.லுக்கு அடுத்த லீக்கான ஐ-லீக்கை வென்றது, ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. பிறகு திறந்து 2023ல் பஞ்சாப், 2024ல் முகமதன் ஏறின. ஏறிவந்த சீசனிலேயே முகமதன் கடைசி, ஆனாலும் இறங்கவில்லை. மாமா இதைப் பேச ஆரம்பித்தால் மீன் குழம்பு ஆறிவிடும்.

என் கணக்கு இது. ஊரெல்லாம் ஒரே ஏணி என்பது எம்.எல்.எஸ்.ஸில் என் ஆயுசில் நடக்காது. தூரமும் விளையாட்டில்லை: ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கம் வரை போகிற தூரத்தைவிட வான்கூவர்-மயாமி அதிகம். முதல் டிவிஷன் என்று அங்கீகாரம் வேண்டுமென்றால் 15,000 பேர் உட்காரும் ஸ்டேடியம், 4 கோடி டாலர் சொத்துள்ள முதலாளி என்று சட்டமே இருக்கிறது, சின்ன ஊர் அணி எதை வைத்து ஏறும். ஆனால் 30 அணியை 15, 15 என்று தங்களுக்குள்ளேயே இரண்டு தட்டாகப் பிரித்து, டிவி காசை மட்டும் எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டு, மூன்று ஏறி மூன்று இறங்கினால் யாருடைய பங்கும் மூழ்காது, மானம் மட்டும்தான் போகும். ஆட்டத்துக்கு அது போதும். 2027ல் எப்படியும் காலண்டரையே மாற்றி, ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிகிற மாதிரி வைக்கப்போகிறார்கள், வீட்டை இடிக்கும்போதே மாடிப்படியும் கட்டிக்கொள்ளலாம். ஜப்பான் 1993ல் யாரும் ஏறி இறங்காத மூடின லீக்காகத்தான் தொடங்கியது, 1999ல் ஜே2 என்று இரண்டாம் டிவிஷன் வைத்துத் திறந்தார்கள், இன்றைக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் பாருங்கள். மெக்சிகோ எதிர்ப்பக்கம் போய், ஏற்கெனவே இருந்த முறையை 2020ல் நிறுத்தியது. அதைப் பார்த்துத்தான் எம்.எல்.எஸ். சந்தோஷப்படும் என்று நினைக்கிறேன்.

நிஜமான சோதனை, எம்.எல்.எஸ்.ஸுக்கு வெளியே இருக்கிற இன்னொரு அமெரிக்க லீக்கான யு.எஸ்.எல்.லில். 2025 மார்ச்சில் அதன் முதலாளிகள் ஓட்டுப்போட்டு ஏறுவது இறங்குவதை ஒத்துக்கொண்டார்கள், புதிதாக ஒரு முதல் டிவிஷனும் சேர்த்து மூன்று தட்டு, 2027-28ல் தொடங்குவதாக அப்போது திட்டம். லூயிவில், பிட்ஸ்பர்க் மாதிரி ஊர் அணிகள். ஐம்பது கோடி கட்டிய ஆள் அங்கே இல்லை, அதனால் இழப்பும் தாங்குகிற அளவுதான். முதல் வருஷம் இறங்குகிற அணிக்கு ஒரு தாங்குதொகை வைக்காவிட்டால் எங்கள் சென்னை டீம் கதைதான் அங்கேயும், அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சந்தாவுக்கு வருவோம். மெஸ்ஸி ஆடுகிறவரை 99 ரூபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். படத்துக்கு 5க்கு நாலரை, லீக்குக்கு இரண்டரை. ஒரு வழி சொல்கிறேன்: பிப்ரவரியிலிருந்து மே வரை பாருங்கள், நடுவில் நிறுத்திவிடுங்கள், நவம்பரில் பிளே ஆஃபுக்கு மறுபடி கட்டுங்கள். 2026ல் உலகக் கோப்பைக்காக மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை லீக்கே லீவு, அப்போது கட்டி என்ன செய்ய.

மச்சான் அடுத்த தங்கலுக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது கடைசி இடத்தில் யார் என்று கேட்கமாட்டானாம். யு.எஸ்.எல். தொடங்கினால் அந்தச் சந்தா தன் செலவு என்று மாமா இப்போதே சொல்லிவிட்டார், எந்த ஆப்பில் வரும், எத்தனை மணிக்கு வரும், ஒன்றும் தெரியாமலே.