ஒப்ஜெக்ட் எந்த வரியில் சாகிறது? பைத்தனை விட்டு சி++ போன கதை

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) டிஜிட்டல் தராசைக் கொம்பியூட்டரோடு இணைத்து நிறையைப் பதியும் புரோகிராமை முதலில் பைத்தனில் எழுதினேன். ஆறு மாதம் ஓடியது. பிறகு சி++க்கு மாற்றினேன். கேட்கிறவர்கள் எல்லாரும் வேகத்துக்காக மாற்றினேன் என்றே நினைக்கிறார்கள், ஆனால் தராசு அனுப்பும் எண்ணை வாசிக்க எந்த மொழியின் வேகமும் போதும். பைத்தனில் எழுதுவது சுலபம் என்பதும் தெரிந்ததுதான். என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: தராசோடு பேசத் திறந்த போர்ட் (இணைப்பு வாசல்) எந்த வரியில் மூடும் என்று புரோகிராமின் கோடைப் பார்த்தே சொல்ல முடியுமா?

மழைக்காலத்தில் அந்த மடுவத்துக் கேபிள் அடிக்கடி கோளாறு செய்யும். வாசிப்பில் பிழை வந்தால் அதைப் பிடித்து, போர்ட்டை மறுபடி திறக்க வேண்டும். பிழைகளை மாலையில் பார்க்கலாம் என்று அந்தப் பிழையைச் சொல்லும் எக்ஸெப்ஷன் ஒப்ஜெக்ட்டையே (ஒப்ஜெக்ட் என்பது புரோகிராம் நினைவகத்தில் உருவாக்கி வைக்கும் ஒரு பொருள்) ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் பின்னேரம் போர்ட்டைத் திறக்கப் போனால் விண்டோஸ் அனுமதி இல்லை என்கிறது. கொழுந்தோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை, "தம்பி, இது நிறுக்குமா, இல்ல நான் கையால எழுதவா?" என்றார். கையால்தான் எழுதினோம்.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தன் வடிவமான சிபைத்தன், ஒரு ஒப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசிப் பிடி விட்டதும் ஒப்ஜெக்ட் செத்து, போர்ட் மூடிவிடும். ஆனால் எக்ஸெப்ஷன் தன் ட்ரேஸ்பேக்கை (பிழை வந்த வழியின் தடத்தை) பிடித்திருக்கிறது, ட்ரேஸ்பேக் அந்த ஃபங்ஷனின் ஃபிரேமை (அதன் வேரியபிள்கள் இருக்கும் இடத்தை) பிடித்திருக்கிறது, ஃபிரேமுக்குள் போர்ட் வேரியபிள் இருக்கிறது. ஃபங்ஷன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் நான் லிஸ்டில் போட்ட ஒரு பிழை போர்ட்டைச் சாகவிடாமல் வைத்திருந்தது.

சி++இல் இந்தச் சங்கிலியே கிடையாது. ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய உள்ளூர் ஒப்ஜெக்ட் அடைப்புக்குறி மூடும் இடத்தில் சாகும், சாகும்போது துப்புரவு செய்யும் டிஸ்ட்ரக்டர் அங்கேயே ஓடும். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும், மேலே யாராவது பிடிக்கும் வரை, வழியில் உருவான ஒப்ஜெக்ட்டுகள் உருவான வரிசைக்கு நேர் எதிராக ஒவ்வொன்றாக அழியும். போர்ட்டுக்குப் பிறகு திறந்த பதிவு ஃபைல் முதலில் மூடும், அப்புறம் போர்ட். யாருமே பிடிக்காவிட்டால் இது நடக்கும் என்று நம்ப முடியாது, அதனால் புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறேன்.

பைத்தனிலேயே, வேலை முடிந்ததும் திறந்ததை மூடிவிடும் 'வித்' போட்டிருக்கலாமே என்பீர்கள். சரிதான், 2006இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது, போட்டிருந்தால் அன்றைக்கு அந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஆனால் 'வித்' போட வேண்டியது பயன்படுத்துகிறவர், அதுவும் ஒவ்வொரு இடத்திலும். டிஸ்ட்ரக்டரை கிளாஸ் (ஒப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு) எழுதுகிறவர் ஒரு தடவை எழுதினால் போதும். போர்ட்டை 'தராசு' கிளாஸுக்குள் வைத்து, தராசை 'மடுவம்' கிளாஸுக்குள் வைத்தால், சி++இல் மடுவம் சாகும்போது உள்ளே இருப்பவையும் தானாகச் சாகும், நான் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பைத்தனில் தராசுக்கும் மடுவத்துக்கும் தனித்தனியாக மூடும் வேலையை எழுத வேண்டும், ஒன்றை மறந்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கோட் வளர வளர இந்தப் பராமரிப்புத்தான் ஆளைக் களைக்க வைக்கிறது.

ஜாவாவில், ஒப்ஜெக்ட்டைத் துடைக்கும்முன் ஓடும் 'ஃபைனலைஸ்' பக்கம் போகவே வேண்டாம். 9ஆம் பதிப்பிலேயே பயன்படுத்தாதீர்கள் என்றார்கள், 18இல் நீக்கப்போவதாகவே குறித்துவிட்டார்கள். 7இல் வந்த, வேலை முடிந்ததும் திறந்ததை மூடும் 'ட்ரை' முறை நல்லது, ஆனால் அதுவும் 'வித்' மாதிரிப் பயன்படுத்துகிறவர் தலையில்தான்.

சி++இன் குறைகள் சின்னவை அல்ல. தாய் கிளாஸின் பொயிண்டர் (ஒப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டுவது) வழியாகப் பிள்ளை கிளாஸின் ஒப்ஜெக்ட்டை டிலீட் செய்யும்போது தாயின் டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவலாக (பிள்ளையின் டிஸ்ட்ரக்டரைத் தேடி ஓட்டும்படி) இல்லையென்றால் என்ன நடக்கும் என்று மொழியே உறுதி தராது. செத்த ஒப்ஜெக்ட்டைத் தொடவும் முடியும், பைத்தனில் அந்த ஆபத்து இல்லை. இரண்டு ஒப்ஜெக்ட்டுகள் பிடிகளை எண்ணும் ஷெயார்ட் பொயிண்டர்களால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இரண்டும் சாகாது, ஒரு பக்கம் எண்ணிக்கையில் சேராத வீக் பொயிண்டர் வைக்க வேண்டும். பைத்தன் அப்படிப்பட்ட சுழலைத் தானே கண்டுபிடித்துத் துடைக்கும். ரஸ்ட் என்ற மொழியில் இரண்டு சின்னப் புரோகிராம்தான் எழுதியிருக்கிறேன். அங்கும் ஒப்ஜெக்ட் அடைப்புக்குறியோடு சாகிறது, செத்ததைத் தொட்டால் கொம்பைலரே தடுக்கிறது. ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்காமல் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்று. இடி இடித்துக் கரண்ட் போனால் எந்த மொழியிலும் டிஸ்ட்ரக்டர் ஓடாது. அதனால் ஒவ்வொரு நிறையையும் வந்த உடனேயே டிஸ்க்கில் எழுதச் சொல்லிவிடுகிறேன், ஃபைல் மூடும்போது எழுதிக்கொள்ளட்டும் என்று விடுவதில்லை.

இப்போது மடுவத்தில் ஓடுவது சி++. மாலை அறிக்கை மட்டும் பைத்தனிலேயே இருக்கிறது, அது போர்ட்டைத் தொடுவதில்லை.