மாந்தோப்பில் "இயற்கை வெந்நீர் ஊற்று": கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. மாந்தோப்புக்கு நடுவே கருங்கல் பதித்த தொட்டி, அதிலிருந்து ஆவி கிளம்புகிறது, பின்னணியில் புல்லாங்குழல். "தமிழ்நாட்டின் ஒரே இயற்கை வெந்நீர் ஊற்று. மூட்டுவலி, தோல் நோய், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே குளியல்" என்று ஒரு குரல் சொல்கிறது. பக்கத்தில் நீச்சல் குளமும் உண்டாம். புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வீடியோ பார்த்தவர்களுக்கே எந்த இடம் என்று புரிந்துவிடும். பார்க்காதவர்களிடம் நாளைக்கு இதே கதை வேறு பெயரில் வரலாம், அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் ஆள் பிடிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறை தொடங்கும் நேரம். என் பையனுக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. அப்போது எங்கள் தெருக் குழுவில் ஒரு நாளிதழ்த் துணுக்கு வந்தது: பொது நீச்சல் குளம் மூடல், பெற்றோர் ஏமாற்றம். கீழே யாரோ, "இந்த வருஷம் திறக்க மாட்டாங்க, மாற்று இடம் வேணும்னா கூப்பிடுங்க" என்று ஒரு கைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். அது தோப்புக்காரர்களின் எண்ணேதான். துணுக்கில் தேதி வரும் மேல் ஓரம் மட்டும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. பிறகு அந்த நாளிதழின் இணையதளத்தில் தேடியபோது அது முந்தைய ஆண்டுச் செய்தி, பராமரிப்புக்காகச் சில நாள் மூடியபோது வந்தது என்று தெரிந்தது. அதற்குள் எங்கள் தெருவிலேயே பல குடும்பங்கள் முன்பணம் கட்டிவிட்டன.

நீச்சல் குளம் பற்றிய செய்தி எது வந்தாலும் தேதியைப் பாருங்கள். தேதி இல்லாத துணுக்கைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு நீச்சல் குளங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் பன்னிரண்டு நாள் தொகுதிகளாக நீச்சல் பயிற்சி நடத்துவது வழக்கம். அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பாகவே வரும். சந்தேகம் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு போன் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையனை விட அத்தைக்குத்தான் அந்த வீடியோ பிடித்துப்போனது. அவருக்கு முழங்கால் வலி பல வருடமாக. "கண்ணு, பத்ரிநாத்துக்கா போகப்போறோம், இங்க காவேரிப்பட்டணம் தாண்டினா வந்துடப் போகுது" என்று அவரே போன் செய்து எல்லோருக்கும் இடம் பிடித்துவிட்டார். பெரியவர்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய், குழந்தைகளுக்கு 250, பாதிப் பணம் முன்னாலேயே ஜிபேயில். பணம் போன கணக்கு ஏதோ ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

வாசலில் இறங்கியதும் அடுத்த வசூல். நைலான் உடை இல்லாமல் தொட்டியில் இறங்க விடமாட்டார்களாம், அதற்கு வாடகை தனி. துண்டுக்குத் தனி. பையை வைக்கும் பெட்டிக்குத் தனி. வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதத்தை உள்ளே விடவில்லை, சாப்பாடும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். போனில் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. ரசீது கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார், போறப்ப வாங்கிக்கலாம்" என்றார்கள். போகும்போது கேட்டால் அந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

தொட்டியில் தண்ணீர் சூடாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. சுவரில் செதுக்கிய சிங்கத்தின் வாயிலிருந்து கொட்டியது. கந்தக வாடையும் அடித்தது. அத்தைக்கு ஒரே பரவசம். எனக்குத்தான் அந்த வாடை எங்கேயோ பழகியதாகப் பட்டது. மாமரத்தில் பூ விடும்போது சாம்பல் நோய் வராமல் இருக்கக் கந்தகத்தூளைக் கரைத்து அடிப்போமே, அந்த வாடை. பக்கத்துக் கொட்டகையில் மருந்துக் கருவியோடு அந்தக் கந்தகப் பை பிரித்தபடி கிடந்தது. தோப்பு என்றால் கந்தகம் இருப்பது இயல்பு, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கரண்ட் போனது. ஊற்று நின்றுவிட்டது.

சிங்கத்தின் வாயில் கடைசியாக ஒரு கொடகொடச் சத்தம், பிறகு சொட்டு. தொட்டியில் இருந்த எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூமிக்கு அடியிலிருந்து தானாகப் பொங்கி வரும் ஊற்றுக்கு மின்வாரியத்தோடு என்ன சம்பந்தம்? வேலையாள் ஒருவர் ஓடிவந்து, "ஜெனரேட்டர் போடறோம்ணா, அஞ்சு நிமிஷம்" என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டார். சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு, அதிலிருந்து ஒரு குழாய், விறகு போட்டுச் சூடாக்கும் பெரிய இரும்புத் தொட்டி, அதிலிருந்து சிங்கத்துக்கு இன்னொரு குழாய். குழாயின் வாயில் மஞ்சள் நிறத் தூளைத் துணியில் கட்டிய முடிச்சு ஒன்று. அது என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மேலாளர் என்று ஒருவர் வந்தார். "சார், அடியில இருந்து வர்றப்பவே தண்ணி சூடுதான். கஸ்டமருக்கு இன்னும் கொஞ்சம் சூடு பத்தலன்னு நாங்க கூட்டித் தர்றோம்" என்றார். இதில் முதல் பாதி உண்மை, அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. நம் பக்கம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். ஆழம் கூடக்கூடப் பூமியின் வெப்பம் கூடும். உலகச் சராசரி கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. நம் ஊர்ப் பாறை மிகப் பழையது, இறுகி ஆறிப்போனது, இங்கே அதைவிடவும் குறைவு. ஆயிரத்து இருநூறு அடி என்றால் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அதில் கிடைக்கும் கூடுதல் சூடு சில டிகிரிதான். மார்கழிக் காலையில் சுகமாக இருக்கும், ஆவி பறக்காது.

உண்மையான வெந்நீர் ஊற்று என்றால் மழைநீர் நிலத்தின் பெரிய பிளவுகள் வழியாக வெகு ஆழம் இறங்கி, அங்கே சூடாகி, இன்னொரு பிளவு வழியாக ஆறுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். இமயமலைப் பக்கம் அதற்கான அமைப்பு உண்டு. இமாச்சலத்தில் மணிகரணில் தண்ணீர் கிட்டத்தட்டக் கொதிநிலையில் வருகிறது, குருத்வாராவில் அரிசியை மூட்டை கட்டி அதிலேயே வேக வைக்கிறார்கள். பத்ரிநாத்தில் தப்த குண்டம், பீகாரில் ராஜ்கிர், மேற்கு வங்கத்தில் பக்ரேஷ்வர், மும்பைக்குப் பக்கத்தில் வஜ்ரேஷ்வரி என்று நாட்டில் முந்நூறுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் என்றால் கர்நாடகத்தில் புத்தூர் பக்கமுள்ள பெந்த்ரு தீர்த்தம். அதுவும் கைபொறுக்கும் சூடுதான். அதைப் பார்க்கப் போகிறவர்களும் வெயில் காலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இந்த இடங்களில் எதிலும் மோட்டார் நின்றால் ஊற்று நிற்காது.

இதுவரை போனது பணம் மட்டும் என்றால் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன், நானூறு ரூபாய்க்கு வெந்நீர்க் குளியல் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னைக் கோபப்படுத்தியது வெளியே வரும் வழியில் இருந்த கடை. "ஊற்று நீர்" என்று லிட்டர் 60 ரூபாய்க்குப் பாட்டிலில் விற்கிறார்கள். மூட்டுவலிக்காரர்கள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் குடிக்க வேண்டுமாம். அத்தை ஒரு பெட்டியே வாங்கிவிட்டார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களிடம் போர் தண்ணீரை மூட்டுவலி மருந்தாக விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃப்ளோரைடு அதிகம். பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து கரைந்து வருவது அது. தண்ணீர் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவு கரையும், ஆகவே ஆழமான போரில் பல இடங்களில் இன்னும் மோசம். குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை விழுவதும், வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டு இறுகி, முதுகு வளைந்து, வலி நிற்காமல் போவதும் இதனால்தான். இதற்காகத்தானே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013 முதல் காவிரி நீர் கொடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தடுப்பு என்று சேர்த்திருக்கிறார்கள். மூட்டைக் கெடுக்கும் தண்ணீருக்கு மாற்று கொண்டுவர அரசு ஆயிரம் கோடிக்கும் மேல் செலவழித்திருக்க, இவர்கள் அதே தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து மூட்டுக்கு நல்லது என்கிறார்கள்.

ஒரு பாட்டிலைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தேன். கட்டணம் கட்டினால் யாருக்கும் சோதித்துத் தருவார்கள். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. இந்தப் பாட்டிலில் அந்த 1.5ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. 14 இலக்கம், எந்தத் தண்ணீர் பாட்டிலிலும் அது இருந்தாக வேண்டும். குளிப்பதால் ஃப்ளோரைடு ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம். குடிப்பதில்தான் ஆபத்து. பாட்டில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அத்தைக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இறங்கும் முன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடான நீரில் நெடுநேரம் இருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். இதற்கு ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் செய்துவிடும் ஆட்களிடம் போயிருந்தால் கூட அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் யாரும் அதிசய ஊற்று என்று சொல்லிக் காசு வாங்குவதில்லை.

நீச்சல் குளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆழம் எத்தனை அடி என்று எங்கேயும் எழுதவில்லை. உயிர்காப்பாளர் யார் என்று கேட்டால் டிக்கெட் கொடுத்தவரையே காட்டினார்கள், அவர் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கலங்கி, அடித்தளம் தெரியவில்லை. அடித்தளம் தெரியாத குளத்தில் குழந்தையை இறக்கவே கூடாது. உள்ளே ஒருவர் மூழ்கினால் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. நெடி அதிகம் என்றால் மருந்து நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பலர் நம்புகிறோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் வேறு சேர்மத்தின் நெடி அது. சுத்தமான குளத்தில் இவ்வளவு நெடி வராது. என் பையனைக் காலை நனைக்கவிட்டதோடு கூட்டிவந்துவிட்டேன். எங்களோடு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காது வலியோடும் கண் சிவப்போடும் டாக்டரிடம் போனார்கள்.

கேரளத்தில் 2024இல் மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். தேங்கிய, வெதுவெதுப்பான, சரியாகக் குளோரின் போடாத நன்னீரில் பெருகும் கிருமி அது. குடித்தால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். சூடான தொட்டி நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அங்கே இன்னும் கவனமாகப் பார்த்துப் போட வேண்டும். கடைசியாக எப்போது குளோரின் அளவு பார்த்தீர்கள் என்று அந்த மேலாளரைக் கேட்டேன். "இயற்கைத் தண்ணிக்கு எதுக்கு சார் மருந்து" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. முதலில் மறுத்தார்கள். பின்னாலிருந்த இரும்புத் தொட்டியைப் படம் எடுத்திருக்கிறேன் என்றதும் பாதி தருகிறோம், படத்தை அழித்துவிடுங்கள் என்றார்கள். அழிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். பாட்டில் விஷயத்தை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஆய்வக அறிக்கையோடு எழுதியிருக்கிறேன். பணம் வராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

நீங்களும் அங்கே போய்வந்தவர் என்றால் ஜிபே விவரம், அவர்கள் அனுப்பிய வீடியோ, தேதி வெட்டிய அந்தத் துணுக்கு, எண்ணோடு வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய வீடியோவை அவர்கள் பக்கத்திலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் வந்த புதிய விளம்பரத்தில் "வெந்நீர் ஊற்று" இல்லை, "பாரம்பரியத் தாது நீர்க் குளியல்" என்று போட்டிருக்கிறார்கள். தொட்டியும் அதே சிங்கமும் அப்படியே இருக்கின்றன. பாட்டில் விலையை 80 ஆக்கிவிட்டார்கள்.