ஜப்பானிய வினைத்திரிபு: ஒரு வருடப் புழக்கத்துக்குப் பிறகு எது நிற்கிறது, எது உதிர்கிறது

ஜப்பானிய வினைச்சொல் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் 'கித' ஒன்றே போதும். ஆள், பால், எண் எதற்கும் விகுதி கிடையாது. எதிர்காலத்துக்கும் தனி வடிவம் இல்லை. 'மிரு' என்றால் பார்க்கிறேன், பார்ப்பேன் இரண்டும்தான். முழுக்க ஒழுங்கு மீறிய வினைகள் இரண்டே: ஸுரு (செய்), குரு (வா). வெளிநாட்டவருக்குத் தமிழ் சொல்லித்தரும்போது நம் வினைகளை 7 வகையாகப் பிரிப்பது ஒரு வழக்கம். அந்தச் சுமையோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் முதல் வருடத்தில் ஆட்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் இங்கேதான். காரணம் இலக்கணத்தைவிட, அதைப் படிக்கும் வரிசையிலும் குறித்துவைக்கும் எழுத்திலும் இருக்கிறது.

முதலில் எழுத்து. கிதெ (வந்து), கித்தெ (வெட்டி), கீதெ (கேட்டு) மூன்றும் வேறு வேறு சொற்கள். படு, பாடு, பட்டு, பாட்டு என்று வளர்ந்த காதுக்கு இந்தக் குறில், நெடில், இரட்டிப்பு வித்தியாசம் முதல் நாளே பிடிபட்டுவிடும். ஆனால் இதே சொற்களை நோட்டில் தமிழில் எழுதினால் சிக்கல் வருகிறது. உயிர்களுக்கு நடுவில் நிற்கும் ஒற்றை 'த'வை நாம் 'அது' என்பதில் வருவதுபோல மெலித்துத்தான் வாசிப்போம். ஜப்பானியத்தில் அது வல்லோசை. வல்லோசையைக் காட்ட 'த்த' என்று எழுதுவார்கள். உடனே 'வந்து' என்பது 'வெட்டி' ஆகிவிடும். 'வாருங்கள்' என்று சொல்ல நினைத்து 'வெட்டுங்கள்' என்று சொல்லும் அளவுக்குப் போகும். ஆகவே வினையைத் தொடுவதற்கு முன்பே ஹிரகானா என்ற ஜப்பானிய அசையெழுத்தின் 46 எழுத்துகளையும், மெல்லோசையைக் காட்டும் இரட்டைக் கோட்டுக் குறியையும் கற்றுவிடுங்கள். இரண்டு வாரம் தாராளம். (இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன், தனியாக வரும் க, த, ப எல்லாம் வல்லோசை, மெல்லோசை வந்தால் சொல்லிவிடுகிறேன். நோட்டில் இப்படி எழுதவே வேண்டாம்.)

ஹிரகானா அட்டவணையிலேயே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. அதன் உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத ஒலியியல்தான் இந்த அடுக்குக்கு மூலம். 'ஹ' வரிசை பழைய காலத்தில் 'ப'வாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அப்படியே நம் நெடுங்கணக்கு. ஒழுங்கான வினைகளை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். குழு 1 வினைகள் இந்த ஐந்து உயிர்ப் படிகளில் ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். யொமு (படி) என்பதை எடுத்தால்: யொமனாய் (படிக்கமாட்டேன்), யொமிமஸ் (மரியாதை வடிவம்), யொமு, யொமெரு (படிக்க முடியும்), யொமோ (படிக்கலாம் வா). ம, மி, மு, மெ, மோ. குழு 2 வினைகளில் இந்த ஏற்ற இறக்கமே இல்லை. 'ரு'வை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டியதை ஒட்டலாம். மிரு, மினாய், மிமஸ். இடறுவது 'உ'வில் முடியும் வினைகள்: கவு (வாங்கு) என்பதன் எதிர்மறை கவனாய். பழைய ஹ வரிசையில் இருந்த மெய் மற்ற இடங்களில் மறைந்து, 'அ'வுக்கு முன்னால் மட்டும் 'வ'வாகத் தங்கிவிட்டது.

அடுத்தது வரிசை. பரவலாகப் புழங்கும் மின்னா நோ நிஹோங்கோ பாடநூல் 'மஸ்' வடிவத்தில் தொடங்கி, 14ஆம் பாடத்தில் 'தெ' வடிவத்தையும் ('வந்து', 'படித்து' போன்றது) 18ஆம் பாடத்தில்தான் அகராதி வடிவத்தையும் (யொமு, மிரு போன்ற மூல வடிவம்) தருகிறது. கெங்கி என்ற இன்னொரு பாடநூல் 3ஆம் பாடத்திலேயே அகராதி வடிவத்தைக் காட்டிவிட்டு 6இல் 'தெ'வுக்கு வருகிறது. 'மஸ்'ஸில் தொடங்கினால் முதல் நாளே மரியாதையாகப் பேசலாம், அது பெரிய லாபம். ஆனால் இகிமஸ் (போகிறேன்), ஒகிமஸ் (எழுகிறேன்) இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது இகு, குழு 1. இரண்டாவது ஒகிரு, குழு 2. நாலைந்து மாதம் 'மஸ்' மட்டும் மனப்பாடம் செய்தவர், 'தெ' வந்ததும் தெரிந்த வினைகளையெல்லாம் மறுபடி குழு பிரிக்க உட்கார வேண்டும். அலுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அகராதி வடிவத்தில் தொடங்கினாலும் ஓட்டை உண்டு. கிரு என்றால் வெட்டு, உடுத்து இரண்டும். வெட்டுவது குழு 1: கிரிமஸ், கித்தெ. உடுத்துவது குழு 2: கிமஸ், கிதெ. இப்படிக் குழு 2 வேஷம் போட்ட குழு 1 வினைகள் நிறைய இருந்தாலும் தொடக்கத்தில் வேண்டியவை ஏழுதான்: கஎரு (திரும்பு), ஹாய்ரு (நுழை), ஷிரு (அறி), ஹஷிரு (ஓடு), கிரு (வெட்டு), இரு (தேவைப்படு), ஷாபெரு (பேசு, 'ப' மெல்லோசை).

அதனால் நீண்ட நாள் தாங்குவது ஒரே முறை: எந்த வினையையும் தனியாகக் கற்காமல், அகராதி வடிவத்தையும் 'தெ' வடிவத்தையும் ஜோடியாக. கிரு–கித்தெ, கிரு–கிதெ. ஜோடி தெரிந்தால் குழு தானாகத் தெரியும், 'மஸ்'ஸும் 'னாய்'யும் அங்கிருந்து பிறக்கும். 'தெ'வின் எகரத்தை அகரமாக்கினால் இறந்தகாலமும் வந்துவிடும்: கித்தெ, கித்த.

'தெ' வடிவ ஒலிமாற்றம் ஐந்து விதி:

உ, ட்ஸு, ரு → த்தெ: கவு–கத்தெ, மட்ஸு–மத்தெ (காத்திருந்து), தொரு–தொத்தெ (எடுத்து)
மு, பு, நு → ந்தெ: யொமு–யொந்தெ, அஸொபு–அஸொந்தெ (விளையாடி, 'பு' மெல்லோசை). 'நு'வில் முடிவது இன்றைய மொழியில் ஷினு (சாவு) ஒன்றே.
கு → இதெ: ககு–கைதெ (எழுதி). இகு மட்டும் விலக்கு: இத்தெ.
மெல்லோசைக் கு → இதெ, 'த'வும் மெல்லோசை: ஒயொகு–ஒயொய்தெ (நீந்தி)
ஸு → ஷிதெ: ஹனஸு–ஹனஷிதெ (பேசி)

'ந்தெ'யை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூக்கொலிக்குப் பின்னால் வல்லினம் மெலிவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதிகம் தவறுவது கடைசிக்கு முந்தைய விதி. கைதெயையும் ஒயொய்தெயையும் தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, பாருங்கள். இன்னொரு சிக்கல் விதிப்பாட்டு. வகுப்புகளில் இதை மெட்டுப்போட்டுப் பாடுவார்கள். சிலர் 'மஸ்' அடியிலிருந்து பாடுவார்கள், சிலர் அகராதி வடிவத்திலிருந்து. இரண்டையும் கலந்து கற்றவருக்கு மூன்று மாதத்தில் இரண்டுமே குழம்பிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்றால், 'தெ' வடிவம் நம் வினையெச்சம். யொந்தெ என்றால் 'படித்து'. அதோடு துணைவினை ஒட்டும் வழியும் அச்சு அசல் நம் வழி. யொந்தெ மிரு: படித்துப் பார். அந்த மிருவும் 'பார்'தான். கத்தெ ஒகு: வாங்கி வை. நொந்தெ ஷிமத்த: குடித்துவிட்டேன். மொத்தெ குரு: கொண்டுவா. மொத்தெ இகு: கொண்டுபோ. ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கம் படித்துக்கொண்டிருக்க, நமக்கு ஒரு வரி போதும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, ஒப்புமை கைகொடுக்கிறதே. தமிழ் விளக்கத்தோடு படிக்க வழியிருந்தால் துணைவினைப் பாடங்களை ஆங்கில விளக்கத்தில் படிக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

ஒப்புமை காலை வாரும் இடங்களும் உண்டு. 'தெ இரு' நம் 'கொண்டிரு', 'இரு' இரண்டுக்கும் பொது. நெதெ இரு என்றால் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் கிதெ இரு என்றால் வந்திருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் அல்ல. ஷிந்தெ இரு என்றால் இறந்துபோயிருக்கிறது. நிலைமாற்றத்தைச் சொல்லும் வினையா என்று பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும். 'தெரியும்' என்பதற்கு ஷித்தெ இரு. 'தெரியாது' என்பதற்கோ ஷிரனாய்தான். 'செய்துகொடு' என்பதும் இரண்டாகப் பிரியும்: பிறர் எனக்குச் செய்தால் குரெரு, நான் பிறருக்குச் செய்தால் அகெரு ('க' மெல்லோசை). தரு என்பது தன்மை, முன்னிலைக்கும் கொடு என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் பிரித்ததை நாம் மறந்துவிட்டோம். ஜப்பானியர் அதற்குக் கிட்டத்தட்ட ஈடான ஒரு பிரிவை இன்னும் புழங்குகிறார்கள்.

பயிற்சிக்கு அங்கி போன்ற நினைவட்டைச் செயலி ஒன்று போதும், ஆனால் அட்டையின் முன்பக்கத்தில் 'கவு, தெ வடிவம்?' என்று எழுதாதீர்கள். அது விதியை ஓட்டிப் பார்க்கும் கணக்காகிவிடும். பேச்சில் அதற்கு நேரம் கிடைக்காது. 'வாங்கிப் பார்க்கிறேன்' என்று முன்பக்கத்தில் தமிழில் எழுதி, 'கத்தெ மிமஸ்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 20 வினை, நாளுக்கு 15 நிமிடம், குழு கலந்து. ஒரே குழுவாக அடுக்கிப் பயின்றால் பத்தும் சரியாக வரும், கலைத்துப்போட்டால் பாதி தவறும். இரண்டு நொடிக்குள் வராத வினை இன்னும் பழகவில்லை என்று பொருள். திருப்பியும் பழக வேண்டும்: இத்தெ என்று காதில் விழுந்தால் அது போயா, சொல்லியா, தேவைப்பட்டா? யொந்தெ படித்தா, கூப்பிட்டா? இந்தப் பிரிப்பைச் சூழல்தான் செய்யும், ஆகவே இதற்குத் தனிச்சொல் அட்டை உதவாது, முழு வாக்கியம் வேண்டும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான ஜேஎல்பிடி என்5 முழுக்க விடை தெரிவு செய்யும் தேர்வு. பேச்சுப் பகுதி கிடையாது. பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவே அதற்குப் போதும், அந்த மதிப்பெண்ணை வைத்து வாய்ப் பழக்கத்தை எடைபோட முடியாது. அடுத்த கட்டத்தில் 'முடியும்' வடிவம் வரும்போது பாடநூல் மிரரெரு என்று சொல்லும், காதில் விழுவதோ மிரெரு. தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று சந்தேகப்பட வேண்டாம். ஜப்பானின் பண்பாட்டு முகமை 2015 நிதியாண்டில் எடுத்த கணிப்பில் 'பார்க்க முடிந்தது' என்பதற்கு மிரெத என்பவர்கள் 48.4 விழுக்காடு, மிரரெத என்பவர்கள் 44.6 விழுக்காடு. தேர்வில் நீளமானதை எழுதுங்கள், பேச்சில் இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள்.