குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டிக்கு "பம்ப் போச்சு" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா பக்கம் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,580 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போயிருக்கிறது. அப்பா தோட்டத்துத் தேயிலை ஆலையில் உழைத்துச் சேர்த்த பணம் அது.

வண்டியும் அப்பாவுடையதுதான். 2.8 லிட்டர் பழைய டீசல் பிக்கப். அவருக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். டிசம்பர் மழையில் தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலை 16, 17 பாகை இருக்கும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பின்னால் வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாடை. பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் அதே வண்டி ஒரே திருப்பில் பிடிக்கும். தாப்பாவுக்கு இறங்கி மறுபடி மலையேறினாலும் இழுவையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பம்ப் கெட்டிருந்தால் மலையேறும்போது இழுவையும் குறைந்திருக்குமே.

பட்டணத்துப் பட்டறையில் போமன் (தலைமை மெக்கானிக்) பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம்தான் பார்த்தார். "தங்கச்சி, பாமாயில் டீசல் குளிர்ல உறைஞ்சு பம்ப்பைக் கெடுத்துருச்சு. ரீகான் பம்ப் போடணும்" என்றார். ரீகான் என்றால் பழையதைச் சரிசெய்து விற்பது. டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் அந்தப் பம்ப்புக்கு 2,400, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் கழுவ 180. பில் கேட்டதற்கு, "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கும்மா பில்லு" என்று சிரித்தார். பழைய பம்ப்பைக் கேட்டேன். கடைக்காரன் மாற்றாக எடுத்துக்கொண்டான் என்றார்.

மறுநாள் காலை அதே கதை. திரும்பப் போனால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை நசுக்கும் அழுத்தம்) போய்விட்டது, எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார். அதுவரைக்கும் சமாளிக்க என்று ஒரு ஸ்டார்ட் ஸ்ப்ரே டின்னைக் கையில் கொடுத்து, காற்றுக் குழாயில் அடிக்கச் சொன்னார்.

பக்கத்து லயத்து மாமா தோட்டத்து லோரியை முப்பது வருடம் ஓட்டியவர். அந்த டின்னைப் பார்த்ததும் முதலில் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதில் இருப்பது ஈதர், சட்டென்று தீப்பற்றும் திரவம். டீசல் எஞ்சினில் குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) சூடாக இருக்கும்போது ஈதரை அடித்தால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும். பிஸ்டன் விரிசல் விடும், ரிங் உடையும். "இதை அடிச்சு அடிச்சுத்தாம்மா நல்ல எஞ்சினையும் கொல்றாங்க" என்றார். கம்ப்ரஷன் போகாத வண்டிக்கும் அந்த ஸ்ப்ரே கம்ப்ரஷனைப் போக்கிவிடும்.

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் எங்கள் வண்டி மாதிரி முன்னறை (டீசல் முதலில் பற்றும் சின்ன அறை) வைத்த பழைய எஞ்சினுக்கு, பனி கொட்ட வேண்டியதில்லை, நம் மலைக் குளிரே போதும். அதற்காகத்தான் சிலிண்டருக்கு ஒன்றாகக் குளோ பிளக். சில நொடிகளில் செக்கச் சிவக்கச் சூடேறும். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து நான் பிளக் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன். எங்கள் வண்டியில் அது வெறும் டைமர் கணக்கு. நான்கு பிளக்கும் செத்தாலும் விளக்கு எரியும்.

சோதிக்க அவருக்குத் தேவைப்பட்டது ஒரு 12 வோல்ட் பல்பும் கொஞ்சம் வயரும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றினார். பல்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். ஒன்றில்தான் பல்பு எரிந்தது. மூன்று செத்துப்போயிருந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு பிளக் 38 வெள்ளி, நான்குக்கு 152. எஞ்சினை மதியம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகே பழையதைக் கழற்றினார். குளிரில் முறுக்கினால் முனை உடைந்து உள்ளேயே நின்றுவிடுமாம். மறுநாள் காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

பாமாயில் கலந்த டீசல் குளிரில் கெட்டியாகும் தன்மை உள்ளதுதான். ஆனால் 16 பாகையில் உறையாது. அதே ஸ்டேஷனில் எண்ணெய் ஊற்றும் காய்கறி லோரிகள் ராத்திரியோடு ராத்திரியாக மலையிறங்கிக்கொண்டுதானே இருக்கின்றன?

எனக்கு வயிறு எரிவது அடுத்த விஷயத்தில்தான். பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மாமா டார்ச் அடித்துக் காட்டினார். பல வருட அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பம்ப்பை அவர்கள் கழற்றவே இல்லை.

பில் இல்லையே என்று முதலில் தயங்கினேன். ஆனால் பணத்தை வங்கி வழியாக அனுப்பிய பதிவும், "பம்ப் மாத்தியாச்சு" என்று போமன் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியும் கைவசம் உள்ளன. பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள். கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சொந்த உபயோகத்துக்கான வண்டியாக இருக்க வேண்டும். வியாபார லோரிக்கு இந்த வழி சரிவராது. போல்ட்டுகளைப் படம் எடுத்து, போன வாரம் மனு போட்டுவிட்டேன். விசாரணை முடியும்வரை அந்தப் போல்ட்டுகள்மீது யாரும் கை வைக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.