பயனர் பெயரைத் தேடித் தருவது யார்: கோப்பா, லைப்ரரியா, டீமனா?

யூனிக்ஸின் மையமான கெர்னலுக்குப் பயனர் பெயர் தெரியாது. கோப்பின் உரிமையாளர் 1000, குழு 100 என்று எண்களை மட்டுமே அது வைத்திருக்கும். ‘எல்எஸ்’ கட்டளை நீளப் பட்டியலில் பெயரைக் காட்டுகிறது என்றால், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதில்தான் லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், மேக்ஓஎஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் ஆளுக்கொரு வழியில் போகின்றன.

புரோகிராம் எழுதுபவரின் கண்ணில் இந்த வித்தியாசம் படாது. அவர் எங்கே இருந்தாலும் கூப்பிடுவது சி லைப்ரரியின் கெட்பிடபிள்யூநேம், கெட்பிடபிள்யூயூஐடி, கெட்ஜிஆர்நேம் ஃபங்ஷன்களைத்தான். முதல் இரண்டும் பெயரையோ எண்ணையோ கொடுத்தால் பயனர் விவரம் தரும், மூன்றாவது குழு விவரம் தரும். அதற்குப் பின்னால் நடப்பதை ஒப்பிடும்போது பலரும் வேகத்தைப் பேசுகிறார்கள். வேகத்துக்கு கேஷ் (கிடைத்த பதிலை நினைவில் வைத்துக்கொள்வது) இருக்கிறது, விடுங்கள். நான் கேட்க நினைப்பது இரண்டு கேள்விகள். தேடுகிற கோட் எந்த ப்ராசஸுக்குள் (ஓடும் புரோகிராமுக்குள்) ஓடுகிறது? ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்பதையும் ‘இப்போதைக்குக் கேட்க முடியவில்லை’ என்பதையும் அந்த முறை பிரித்துச் சொல்கிறதா?

இரண்டாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஒரு மெயில் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் இல்லை என்றால் அது 550 என்று நிரந்தரமாகக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும். கேட்க முடியவில்லை என்றால் 450 என்று சொல்லி, அனுப்பியவரைப் பிறகு முயலச் சொல்லும். கணக்குகளை மொத்தமாக வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் பத்து நிமிடம் படுத்துக்கிடந்த நேரத்தில் இந்த இரண்டும் குழம்பினால், உயிரோடு இருக்கும் பயனர்களின் கடிதங்கள் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பிப் போகும். நிறுவல் ஸ்கிரிப்டுகளும் இதே வகை. பயனரைத் தேடும் ‘ஐடி’ கட்டளை தோற்றால், பயனரைச் சேர்க்கும் ‘யூசர்ஆட்’ ஓட்டு என்று எழுதியிருப்பார்கள். நெட்வொர்க் இல்லாத நேரத்தில் அது ஓடினால் ஒரே பெயருக்கு இரண்டு யூஐடி (பயனர் எண்) வந்துவிடும்.

வெறும் கோப்பு

எட்சி என்ற அமைப்புக் கோப்பகத்தில் உள்ள பாஸ்வேர்ட் கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, முக்காற்புள்ளியால் பிரிந்த ஏழு புலங்கள். பெயரில் மட்டும்தான் பாஸ்வேர்ட். கடவுச்சொல்லின் ஹேஷ் எப்போதோ ஷேடோ கோப்புக்குக் குடிபோய்விட்டது. ஐந்தாவது புலத்துக்கு இன்னமும் ‘ஜீகாஸ்’ என்று பெயர். பெல் லேப்ஸில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜீகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய கணினிக்கு அச்சு வேலைகளை அனுப்பத் தேவைப்பட்ட விவரத்தை வைத்திருந்த இடம் அது. கணினி போய்விட்டது, பெயர் நிற்கிறது.

இந்த முறையில் தேடும் கோட் புரோகிராமுக்குள்ளேயே ஓடும். ஆனால் அது செய்வதெல்லாம் கோப்பைத் திறந்து, படித்து, மூடுவதுதான். நெட்வொர்க் இல்லை, காத்திருப்பு இல்லை. ‘இல்லை’ என்றால் இல்லைதான். ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படிப்பது வலிக்கும். ஃப்ரீபிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. மாஸ்டர் பாஸ்வேர்ட் என்ற மூலக் கோப்பிலிருந்து ஹேஷ் டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, தேடலை அதில் நடத்துகின்றன. மூலக் கோப்பை நேரடியாக எடிட்டரில் திருத்திவிட்டு டேட்டாபேஸைப் புதுப்பிக்காமல் விட்டால், கண்ணுக்குத் தெரியும் பயனர் கணினிக்குத் தெரியமாட்டார். திருத்தியதும் டேட்டாபேஸையும் புதுப்பிக்கத்தான் ‘விஐபிடபிள்யூ’ கட்டளை.

குழுத் தேடலில்தான் கோப்பின் உண்மையான பலவீனம் தெரியும். குரூப் கோப்பு ‘இந்தக் குழுவில் யார் யார்’ என்று எழுதி வைத்திருக்கிறது. லாகின் நேரத்தில் வரும் கேள்வியோ ‘இவர் எந்தெந்தக் குழுவில்’ என்பது. அதற்கு முழுக் கோப்பையும் அலசியே தீர வேண்டும். இந்தத் தலைகீழ் அமைப்பு டைரக்டரி சர்வர் வந்த பிறகும் விடவில்லை. ஒரு குழுவின் பெயரைக் கேட்டால் அதன் உறுப்பினர் எல்லோரையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்று கெட்ஜிஆர்நேம் எதிர்பார்க்கிறது. பல்லாயிரம் பேர் உள்ள குழுவுக்கும் அதே கதைதான்.

என்எஸ்எஸ்: எல்லோருக்கும் இடம், எல்லோர் தொல்லையும் உள்ளே

கணினிகள் பெருகியதும் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கத் தேவை வந்தது. முதலில் சன் நிறுவனத்தின் என்ஐஎஸ், பிறகு எல்டாப் என்ற டைரக்டரி நெறிமுறை. இவற்றை எல்லாம் சி லைப்ரரிக்குள்ளேயே எழுதிக்கொண்டே போக முடியாது. சன்னின் சோலாரிஸ் 2 கொண்டுவந்த தீர்வு நேம் சர்வீஸ் ஸ்விட்ச், சுருக்கமாக என்எஸ்எஸ். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதே யோசனையைப் பின்பற்றியது. ஃப்ரீபிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் இதன் உறவுக்காரர் உண்டு. எட்சியில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ‘பாஸ்வேர்ட்: ஃபைல்ஸ் எல்டாப்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஃபங்ஷனைக் கூப்பிடும் நேரத்தில், பட்டியலில் உள்ள பெயருக்கு ஏற்ற மாட்யூல் அந்தப் புரோகிராமுக்குள் ஏற்றப்படும்.

‘அந்தப் புரோகிராமுக்குள்’ என்பதைக் கவனியுங்கள். எல்டாப் மாட்யூல் என்றால் எல்டாப் லைப்ரரி, அதன் டிஎல்எஸ் (குறியாக்க) லைப்ரரி, திறந்த நெட்வொர்க் இணைப்பு எல்லாம் ‘எல்எஸ்’ மாதிரியான அப்பாவிக் கட்டளைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். புரோகிராம் தனக்கென வேறு பதிப்பு டிஎல்எஸ் லைப்ரரியை வைத்திருந்தால் இரண்டும் மோதும். சாண்ட்பாக்ஸ் போட்டு, கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளான சிஸ்டம் கால்களைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு இன்னும் சிரமம். ஒரு பெயரைத் தேட என்னென்ன சிஸ்டம் கால் நடக்கும் என்று எழுதும்போதே சொல்ல முடியாது. அது நிர்வாகி எழுதிய ஒரு வரியைப் பொறுத்தது. எல்லா லைப்ரரியையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் ஜிலிப்சியே எச்சரிக்கும்: ஓடும் நேரத்தில் இதே பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும் என்று. அப்புறம் எதற்கு ஸ்டாட்டிக்?

கோ மொழியில் இது வேறு முகம் காட்டும். சி கோடோடு இணைக்கும் சிகோ வசதி இல்லாமல் கட்டிய கோ புரோகிராம் ஜிலிப்சியைத் தொடாது, பாஸ்வேர்ட் கோப்பை மட்டும் தானே படித்துக்கொள்ளும். எல்டாப் பயனரை ‘ஐடி’ கட்டளை அழகாகக் காட்டும். பக்கத்திலேயே ஓடும் கோ புரோகிராம் அவரைத் தெரியாது என்று சாதிக்கும். இரண்டுமே சரியாகத்தான் வேலை செய்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். காகிதத்தில் என்எஸ்எஸ் பிரமாதம். ஒவ்வொரு மாட்யூலும் நான்கில் ஒரு நிலையைச் சொல்ல வேண்டும்: கிடைத்தது, இல்லை, சேவையே கிடைக்கவில்லை, பிறகு முயற்சி செய். எந்த நிலைக்கு நிற்பது, எதற்கு அடுத்தவரிடம் போவது என்பதை சதுர அடைப்புக்குறிக்குள் எழுதலாம். எதுவும் எழுதாவிட்டால், கிடைத்ததும் நிற்கும். மற்ற மூன்றிலும் அடுத்த மாட்யூலுக்குப் போகும்.

பிரச்சினை கடைசிப் பதிலில். பட்டியலில் கடைசியாகக் கேட்கப்பட்டவர் சொன்னதே முடிவான பதில். ‘எல்டாப் ஃபைல்ஸ்’ என்று எழுதியிருந்து எல்டாப் சர்வர் படுத்திருந்தால், முதல் மாட்யூல் ‘சேவை இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லும். அடுத்து வரும் கோப்பு மாட்யூல் தன்னிடம் அந்தப் பெயர் இல்லாததால் ‘இல்லை’ என்று சொல்லும். புரோகிராமுக்குப் போய்ச் சேருவது அந்த ‘இல்லை’ மட்டும். கோப்பை முன்னால் வைப்பதை ரூட் பயனர் எப்போதும் உள்ளே வரட்டும் என்பதற்காகத்தான் பலரும் செய்கிறார்கள். உண்மை தொலையாமல் இருக்கவும் அந்த வரிசைதான் உதவுகிறது.

அப்படியே உண்மை வந்து சேர்ந்தாலும், அதை வெளியே சொல்ல இருப்பது கெட்பிடபிள்யூநேம் என்ற குறுகிய வாசல். பயனர் கிடைக்காவிட்டால் நல் பாயிண்டர் (வெற்று முகவரி) வரும், காரணத்தை எர்னோ என்ற பிழை எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘இல்லை’ என்பதற்கு எர்னோ என்னவாக இருக்கும்? லினக்ஸின் கையேடான மேன் பக்கம் 0 அல்லது நான்கு வேறு எண்களின் பெயரைப் பட்டியலிட்டு, அதற்கும் மேலே ‘அல்லது’ போட்டு மூன்று புள்ளிகளோடு முடிக்கிறது. இதற்கு மேல் புரோகிராமரை எப்படிக் குறை சொல்வது? பெரும்பாலோர் நல் வந்தால் பயனர் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

மாட்யூலே வேண்டாம் என்றவர்கள்

ஓப்பன்பிஎஸ்டியில் என்எஸ்எஸ் கிடையாது. உள்ளூர் டேட்டாபேஸ், இல்லையென்றால் ஒய்பி (என்ஐஎஸ்ஸின் பழைய பெயர்) நெறிமுறை, இரண்டே வழிகள். எல்டாப் வேண்டுமா? ஒய்பிஎல்டாப் என்ற டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் சேவைப் புரோகிராம்) எல்டாப்பிடம் கேட்டு, ஒய்பி மொழியில் பதில் தரும். சுற்றுவழிதான். ஆனால் எந்தப் புரோகிராமுக்குள்ளும் எல்டாப் கோட் நுழைவதில்லை. தேடல் பாதை முன்கூட்டியே தெரிந்திருப்பதால், ப்ளெட்ஜ் என்ற அவர்களுடைய கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் ‘கெட்பிடபிள்யூ’ என்று ஒரே சொல்லில் இந்த வேலைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். என்எஸ்எஸ் உள்ள இடத்தில் இப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கவே முடியாது.

ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் லைப்ரரியும் மாட்யூல்களை ஏற்றாது. கோப்பைப் பார்க்கும், கிடைக்காவிட்டால் என்எஸ்சிடி என்ற கேஷ் டீமனின் நெறிமுறையில் ஒரு சாக்கெட்டில் கேட்கும். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்து பதில் சொன்னாலும் சரி. கன்டெய்னருக்குள் எல்டாப் பயனர் தெரியவில்லை என்று என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருப்பது ஜிலிப்சியா மஸ்லா என்பதைத்தான்.

தனி டீமன்

என்எஸ்சிடியின் அசல் வேலை கேஷ். ஜிலிப்சியோடு வரும் மாதிரி அமைப்பில், கிடைத்த பயனர் விவரம் 600 வினாடியும், ‘இல்லை’ என்ற பதில் 20 வினாடியும் நினைவில் இருக்கும். புதிய பயனரைச் சேர்த்த உடனே அவரைக் காணோம் என்றால், அந்த ‘இல்லை’தான் காரணமாக இருக்கும்.

எஸ்எஸ்எஸ்டி என்ற டீமன் இதைவிட நிறையச் செய்கிறது. எல்டாப், கெர்பராஸ், ஆக்டிவ் டைரக்டரி வேலை எல்லாம் டீமனுக்குள் போய்விடும். புரோகிராமுக்குள் ஏறுவது அதனோடு பேசும் மெல்லிய மாட்யூல் ஒன்றுதான். சர்வர் போனாலும் ஏற்கெனவே கேஷில் உள்ள பயனர்களுக்குப் பதில் வரும். லேப்டாப்பில் இது ஒன்றுக்காகவே அதை வைக்கலாம். பழகாதவரை ஒரு விஷயம் திகைக்க வைக்கும்: ‘கெட்என்ட் பாஸ்வேர்ட்’ என்று மொத்தப் பட்டியல் கேட்டால் உள்ளூர்ப் பயனர்கள் மட்டுமே வருவார்கள், பெயர் சொல்லிக் கேட்டால் எல்டாப் பயனரும் கிடைப்பார். எல்லோரையும் வரிசையாகக் காட்டும் வசதியை அது வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறது. பெரிய டைரக்டரியில் அது சரியான முடிவு.

மேக்ஓஎஸ் இந்தப் பாதையில் கடைசி வரை போய்விட்டது. உள்ளூர்க் கணக்குகளே பாஸ்வேர்ட் கோப்பில் இல்லை. ஆளுக்கொரு பிலிஸ்ட் கோப்பாக வேறு இடத்தில் இருக்கின்றன. எல்லாக் கேள்விகளும் ஓப்பன் டைரக்டரி டீமனிடம் போகும். பாஸ்வேர்ட் கோப்பின் தலைப்பிலேயே, சிங்கிள் யூசர் முறையில் மட்டும்தான் இது நேரடியாகப் பார்க்கப்படும் என்று குறிப்பு இருக்கும். லினக்ஸ் பழக்கத்தில் அதைத் திருத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ஒரே வாசல் என்பதால் நடத்தை எங்கும் ஒன்றுபோல இருக்கும். அந்த டீமன் திணறினால் உள்ளூர்ப் பெயர்களும் சேர்ந்து திணறும்.

லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி 2020இல், 245-ஆம் பதிப்பில், யூசர்டிபி என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. கணக்கு விவரம் ஜேசான் வடிவில்; கேள்வி பதில் வார்லிங்க் நெறிமுறையில். குறிப்பிட்ட கோப்பகத்தில் உள்ள ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு சேவை. எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், வரிசைச் சண்டை இல்லை. என் இரண்டாவது கேள்விக்கு இதுதான் தெளிவான விடை: பதிவு இல்லை என்பதற்கு ஒரு பிழை, சேவை கிடைக்கவில்லை என்பதற்கு வேறொரு பிழை என்று பெயரோடு பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான புரோகிராம்கள் இன்னமும் கெட்பிடபிள்யூநேம் வழியாகத்தான் வருகின்றன. அவர்களுக்காக ஒரு என்எஸ்எஸ் மாட்யூலும் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்தால் தெளிவான பிழை மறுபடியும் நல்லும் எர்னோவுமாகச் சுருங்கிவிடும்.

ஆண்ட்ராய்டு இந்தப் போட்டியிலேயே இல்லை. அங்கே பாஸ்வேர்ட் கோப்பைத் தேடும் பழக்கமே வேண்டியதில்லை. சிஸ்டம் கணக்கு 1000, ஷெல் 2000 என்று லைப்ரரியிலேயே எழுதியிருக்கும். ஆப்களுக்கு 10000 முதல் எண்கள். 10123 என்றால் பெயர் ‘யூ0_ஏ123’. கணக்குப் போட்டால் பெயர் வந்துவிடும்.

எதை எங்கே வைப்பது

சில சர்வர்கள், சில நிர்வாகிகள் என்றால் கோப்பே போதும். ஆன்சிபிள் மாதிரி ஒரு கருவியால் எல்லாக் கணினிகளுக்கும் கணக்குகளைத் தள்ளிவிடலாம்; ஊழியர் விலகும் நாளில் அதை ஓட்ட மறக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான பேர் வந்துபோகும் இடத்தில் லினக்ஸுக்கு எஸ்எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன், என்எஸ்ஸ்விட்சில் ஃபைல்ஸ் முன்னால். சேவைகள் ஓடும் கணக்குகளை டைரக்டரியில் வைக்க வேண்டாம்: கணினி எழும்போது நெட்வொர்க் வரும் முன்பே அவற்றின் எண்கள் தேவைப்படும். எல்டாப் மாட்யூலை நேரடியாகப் புரோகிராமுக்குள் ஏற்றும் பழைய முறை எங்காவது மிச்சமிருந்தால் அதை முதலில் எடுங்கள்.

புதிதாகப் புரோகிராம் எழுதுகிறவர் கெட்பிடபிள்யூநேம் பக்கம் போகாமல், அதன் ‘_ஆர்’ வடிவத்தைக் கூப்பிடுவது நல்லது. அது பிழை எண்ணைத் திரும்பும் மதிப்பாகவே கொடுக்கிறது: பூச்சியமும் காலி முடிவும் வந்தால் பயனர் இல்லை; பூச்சியம் அல்லாத எண் வந்தால், மேன் பக்கத்தின் அந்த நீண்ட பட்டியலைப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாததற்கு ‘இப்போது தெரியவில்லை’ என்றே பதில் சொல்லுங்கள்.